வகுப்பு என்றொரு கட்டம்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு பாரத்தை மட்டும் பிரிக்கவே மாட்டோம். ஒரு பக்கத்துக்கு வேண்டிய ஈய எழுத்துகளை அடுக்கி இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கினால் அது பாரம். வேலை முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் திரும்பப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து இருக்காது. சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தின் பாரம் மட்டும் வருடம் முழுவதும் சணல் கட்டிச் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அதைத் தூக்கி மெஷினில் மாட்டுவோம். எனக்கு எழுத்து அடுக்கத் தெரிவதற்கு முன்பே அந்தப் பாரத்தைத் தூக்கத் தெரியும்.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். திண்டிவனத்தில் ஓட்டல், பெங்களூரில் பார்சல் ஷெட், சேலத்தில் பைண்டிங் கடை என்று சுற்றிவிட்டு வந்தேன். கள்ளக்குறிச்சியில் இறங்கியதற்கு ஒரு காரணமும் இல்லை; கையிலிருந்ததற்கு டிக்கெட் அதுவரைக்கும்தான் கிடைத்தது. அச்சகத்தில் காகிதக் கட்டுகளின் மேல் படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். தங்கிவிட்டேன்.

ஒருநாள் சின்னவர் வந்தார். வடக்கனந்தல் பக்கம் கரும்பு நிலம் வைத்திருந்த குடும்பத்தின் இளைய மகன். எல்லோரும் அவரைச் சின்னவர் என்றுதான் சொல்வார்கள். மதராஸில் என்ஜினீயரிங் சேர்ந்து, நடுவில் விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தார். கையில் ஜெராக்ஸ் எடுத்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. ஹாஸ்டலில் யாரோ ஒருவனின் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாம். அதைப் பார்த்து அவரே தமிழில் ஒரு விளையாட்டை எழுதியிருந்தார். அதை அச்சில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனை ஆளாக இருப்பார்கள். ஆற்றங்கரைக்கு வந்துவிட்டாய், என்ன செய்யப்போகிறாய் என்று நடத்துபவர் கேட்பார். நீந்துகிறேன் என்றால் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்து அக்கரை சேரலாம், அடித்துக்கொண்டு போகலாம். கதை முழுவதும் ஒரு மலைமேல் நடந்தது. பெயரை மாற்றியிருந்தாலும் அது கல்வராயன் மலைதான். வளைவு, ஓடை, சாமைக் கொல்லை எல்லாம் அப்படியே இருந்தன. மலைக்காரர்களை மட்டும் விஷ அம்பு விடுகிறவர்களாக எழுதிவைத்திருந்தார்.

"ஆடிப் பாத்தாதான் பக்கம் எப்டி வரணும்னு தெரியும், ஞாயித்துக்கெழம வந்துரு" என்றார். அவர்கள் நிலத்துப் பம்புசெட்டுக் கொட்டகையில் ஆட்டம். நடத்துவது அவர். ஆடுவது நான், மூங்கில்துறைப்பட்டு ஆலையில் வேலை பார்த்த ஒரு கிளார்க், அப்புறம் வெள்ளிமலை ஜீப் டிரைவர்.

டிரைவர் மலையில் பிறந்தவன், என்னைவிட இளையவன். ஜீப் அவனுடையதல்ல. கள்ளக்குறிச்சியில் ஒருவருக்குச் சொந்தம். மலையிலிருந்து ஆட்டையும் தினை மூட்டையையும் பிரசவத்துக்குப் போகிற பெண்களையும் இறக்கி, கீழேயிருந்து உப்பையும் மண்ணெண்ணெயையும் ஏற்றிப் போவான். மலைக்காரனை நம்பி வண்டி கொடுத்தது அந்த வட்டாரத்திலேயே முதல் தடவை என்று ஜீப் முதலாளி எல்லோரிடமும் சொல்வார், அவனை வைத்துக்கொண்டே சொல்வார். ஒரு நசுங்கல் விழுந்தால் சாவி திரும்பி வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. சாவி போனால் அவனுக்குக் கரும்பு வெட்டுதான். அவன் வெட்டியிருக்கிறான். கழுத்தில் கரும்புச் சோகையின் இலை ஓரம் கிழித்த கோடுகள் இருந்தன. சின்னவர் வீட்டுக்குக் கரும்பு வெட்ட ஆள் ஏற்றி வருவதும் அந்த ஜீப்தான். சின்னவர் வா என்றால் அவனால் வராமல் இருக்க முடியாது.

முதல் ஆட்டத்துக்குச் சின்னவர் கையால் எழுதிய தாள்களைக் கொடுத்தார். ஆளுக்கொரு தாள். அதில்தான் கற்பனை ஆளின் விவரங்களை எழுத வேண்டும். பெயர், இனம், வகுப்பு, ஆயுதம், உயிர். ஆங்கிலப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே தமிழாக்கியிருந்தார்.

கிளார்க் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வகுப்புன்னா? பி.சி.யா எஸ்.சி.யா, இன்னா எழுதறது?"

"யோவ், அது இல்லய்யா. வேடன், வீரன், வைத்தியன், திருடன். நாலுல ஒண்ணு."

"திருடனுக்கு எத்தினி பர்சென்ட்டு ஒதுக்கியிருக்கீங்க?"

எல்லோரும் சிரித்தோம். டிரைவர்தான் அதிகம் சிரித்தான். தாளை என்னிடம் நீட்டி, "பிரஸ்காரரே, எனக்கு வேடன்னு போடுங்க" என்றான். எழுதிக் கொடுத்தேன்.

ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனது. சின்னவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர். ஆனால் ஒரு குணம் இருந்தது. எங்கள் ஆட்கள் செத்தால் கிளார்க்கும் நானும் புதுத் தாள் எடுத்து வேறு ஆளை எழுதிக்கொள்வோம். டிரைவரின் ஆளை மட்டும் அவர் சாகவிடுவதில்லை. கண்ணைப் பிடுங்குவார், காலை ஒடிப்பார், உயிர் என்ற கட்டத்தில் ஒன்று மிச்சம் வைப்பார். அந்த ஒன்றோடு அவன் வாராவாரம் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

"சின்னவரே, கொன்னுடுங்களேன். நானும் புதுசா ஒருத்தன எழுதிக்கிறேன்" என்று கேட்பான்.

"உன்ன எப்டிடா கொல்றது? நீ இல்லன்னா எனக்குப் பொழுது போவாது."

கிளார்க் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரித்தேன். சிரிக்கும்படிதான் இருந்தது.

பக்கம் அமைப்பது வேறு மாதிரி வேலை. கல்யாணப் பத்திரிகையை ஒருவர் ஒருமுறை பார்த்துவிட்டு வைத்துவிடுவார். இந்தப் பக்கத்தை ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தபடி பேச வேண்டும். கண் தாளுக்குத் திரும்பும்போது விட்ட இடம் உடனே கிடைக்க வேண்டும். அதனால் உரக்கப் படித்துக்காட்ட வேண்டியதைப் பெரிய எழுத்தில் பெட்டிக்குள் வைத்தேன். நடத்துபவர் மட்டும் அறிய வேண்டியதைச் சின்ன எழுத்தில் அதன் கீழே வைத்தேன். அச்சகத்தில் இருந்த கரைகள் இரண்டே வகை. கல்யாணத்துக்குப் பூக்கரை, கண்ணீர் அஞ்சலிக்குத் தடித்த கறுப்புக் கோடு. புதையல், சோறு, தூங்குமிடம் எல்லாம் பூக்கரைக்குள் போயின. ஆளைக் கொல்லக்கூடிய இடங்கள் கறுப்புக் கோட்டுக்குள். சின்னவர் புரூப்பைப் பார்த்துவிட்டு, "மதராஸ்ல கூட இப்டி வராது" என்றார். யாரும் என் வேலையைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. அவருக்காக இன்னும் பத்துப் பக்கம் சும்மாவே அடுக்கியிருப்பேன்.

ஆட்டக்காரர்களின் தாள்தான் கஷ்டமாக இருந்தது. கட்டங்களும் புள்ளிக்கோடுகளும் நிறைய வேண்டும், பித்தளைக் கோடுகள் போதவில்லை. அப்போதுதான் சுவரோரம் கிடந்த சாதி விண்ணப்பம் கண்ணில் பட்டது. பெயர், இனம், வகுப்பு மூன்றும் அதில் ஏற்கெனவே வரிசையாக இருந்தன. தந்தை பெயரை எடுத்துவிட்டு ஆயுதம் என்று போட்டேன். ஆண்டு வருமானம் இருந்த இடத்தில் உயிர். அடியில் இடம், நாள், கையொப்பம் என்று மூன்று வரி இருந்தது. அதை எடுத்தால் பக்கத்தின் அடிப்பாகம் மொட்டையாகத் தெரிந்தது. விட்டுவிட்டேன். மாதிரிக்கு ஒரு தாளை நிரப்பி முதலில் வைக்கச் சொன்னார் சின்னவர். டிரைவரின் ஆளையே அவர் கையால் மையில் நிரப்பினார். பெயர்: மலைப்புலி. இனம்: மலையான். வகுப்பு: வேடன். ஆயுதம்: கொடுவாள், நாட்டுத் துப்பாக்கி. உயிர்: 1. கையொப்பத்துக்கு டிரைவரின் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். அவனுக்குக் கையெழுத்துப் போட வரும். வேடனுக்கு வராது என்று சொல்லிவிட்டார்.

அச்சு முடிந்து கட்டுக் கட்டியபோது மறியல் தொடங்கிவிட்டது. கல்வியிலும் வேலையிலும் தங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டவர்கள் ஒரு வாரம் சாலைகளை மறிப்பதாக அறிவித்திருந்தார்கள். விழுப்புரம் பக்கமெல்லாம் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கடைகள் மூடின. டிரைவர் ஜீப்பை முதலாளி வீட்டுச் சந்தில் நிறுத்திவிட்டு அச்சகத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தான்.

சின்னவரிடமிருந்து ஆள் வந்தது. மதராஸிலிருந்து வந்த சினேகிதர்கள் இரண்டு பேர் பஸ் இல்லாமல் அவர் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு விளையாட்டைக் காட்ட வேண்டும். அச்சடித்த தாள்கட்டை எடுத்துக்கொண்டு இன்றைக்கே வர வேண்டும்.

"ரோடு சரியில்லீங்க. வண்டிக்கு எதுனா ஆச்சின்னா நான் செத்தேன்" என்றான் டிரைவர், வந்த ஆளிடம்.

"நான் இன்னா பண்றது? வரலன்னா அடுத்த வெட்டுக்கு வேற ஜீப்பு பாத்துக்கறோம்னு சொல்லச் சொன்னாரு."

வேறு ஜீப் என்றால் முதலாளி அன்றைக்கே சாவியைப் பிடுங்குவார். போனால் ஒருவேளை போகும், போகாவிட்டால் நிச்சயம் போகும். டிரைவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். நான் கட்டைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன்.

வடக்கனந்தலுக்கு முந்திய ஒரு வளைவில் மரம் கிடந்தது. இலைகூட இன்னும் வாடவில்லை. மரத்தின்மேல் ஒருவன் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் சில இளவட்டங்கள். முதலில் சிரித்துத்தான் பேசினார்கள்.

"இன்னா, ஊர்வலம் போறீங்களா? திருப்பு வண்டிய."

"சின்னவரு வூட்டுக்குப் போறமுங்க. அவசரமா வரச் சொன்னாரு."

சின்னவர் பேருக்கு மரியாதை இருந்தது. அவர்களுக்கு மதியச் சோறு அந்த வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அவரும் அவர்கள் ஆள். கிளை ஓரமாக ஜீப்பை இறக்கி ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அப்போது கடலை உரித்துக்கொண்டிருந்தவன் என் மடியில் இருந்த கட்டைப் பார்த்து, "அது இன்னா நோட்டீஸா? குடு பாக்கலாம்" என்றான்.

பிரித்தான். முதல் தாள் மாதிரித் தாள். சத்தமாகப் படித்தான்.

"இனம், மலையான். வகுப்பு, வேடன். ஆயுதம்..." நிறுத்திவிட்டு டிரைவரைப் பார்த்தான். "டேய், நாட்டுத் துப்பாக்கின்னு போட்டிருக்குடா. கைநாட்டு வேற வச்சிருக்கான்."

"அது வெளாட்டுங்க" என்றேன்.

"சாதி எழுதி, ஆயுதம் எழுதி, கையெழுத்து வாங்கறது இன்னாடா வெளாட்டு? கீழ எத்தினி ஃபாரம் இருக்கு பாரு. எத்தினி பேரடா இப்டி சேக்கறீங்க?"

இன்னொருவன் அடியிலிருந்து வேறு பக்கத்தை உருவினான். கறுப்புக் கோட்டுப் பெட்டிக்குள் பெரிய எழுத்தில் நான் அடுக்கியது. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்: "சாலை வளைவில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. மரத்துக்குப் பின்னால் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கொல்லாமல் நீங்கள் மலை ஏற முடியாது."

ஒருவன் தலைகளை எண்ணினான்.

"ஏழு பேரு இருக்கமே?"

"காத்தால ஆறு பேருதான்டா இருந்தோம். நீ அப்பறம்தான் வந்த."

சின்னவர் அந்த இடத்தை ஆடி மாதமே எழுதியிருந்தார் என்று சொல்லிப் பார்த்தேன். முதல் அடி என் காதில் விழுந்தது. எனக்கு விழுந்தது கை. டிரைவருக்கு விழுந்தது மரக்கிளை. நான் அச்சடித்தவன், அவன் துப்பாக்கிக்காரன். எங்கே துப்பாக்கி என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அவன் ஒவ்வொரு அடிக்கும் ஜீப்பைத்தான் திரும்பிப் பார்த்தான். ஒருவன் அதன் கண்ணாடிமேல் கல்லை ஓங்கிக்கொண்டு நின்றான்.

சைக்கிளில் ஒருவன் போய்ச் சொல்ல, சின்னவர் புல்லட்டில் வந்தார். பின்னால் சினேகிதர்கள் இரண்டு பேரும் தொற்றிக்கொண்டு வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் சின்னவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டைப் பையிலிருந்து தாயக்கட்டையை எடுத்துக் காட்டி இரண்டே வார்த்தையில் விளக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். கல்லை ஓங்கியவனும் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

"மன்னிச்சிக்கண்ணே, தப்பா பூட்டுது" என்று அவரிடம் சொன்னார்கள். எங்களிடம் இல்லை.

அத்தோடு முடிந்திருக்கும். கடலை உரித்தவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "அண்ணே, மரத்த போலீசு வந்தா கயிறு போட்டு இழுத்துடறான். ஜீப்பு ஒண்ணு குறுக்க நின்னா கெத்தா இருக்கும். நம்ப ஆளுங்க கேக்கறோம்."

சின்னவர் சினேகிதர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்வது அந்த நேரத்தில் அவருக்கு அழகாக இருந்திருக்காது.

"வச்சிக்கங்கடா. இன்னா இப்ப."

டிரைவர் அதுவரை அழவில்லை. "சின்னவரே, வண்டி என்துது இல்லீங்க. மொதலாளி சாவிய வாங்கிக்குவாருங்க. கரும்பு வெட்டப் போவ முடியாதுங்க என்னால" என்று காலைத் தொட வந்தான்.

"டேய், எழுந்திரு. உன் மொதலாளிகிட்ட நான் சொல்றேன். ஒரு நாளைக்கி இன்னா கொறஞ்சி பூடும்?"

ஜீப்பை அவர்களே தள்ளி மரத்துக்கு இப்பால் குறுக்கே நிறுத்தினார்கள். சின்னவர் தாள்களைப் பொறுக்கி மண்ணைத் தட்டி அடுக்கினார். சில கசங்கிவிட்டதென்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். நான் கட்டோடு நடந்து பம்புசெட்டுக்குப் போனேன். அன்று பிற்பகல் சினேகிதர்களோடு ஆட்டம் நடந்தது. பக்கம் அமைத்திருந்த விதத்தை அவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்து மெச்சினார்கள். ஒரு காதுதான் கேட்டது. அந்த ஒரு காதில் கேட்டவரைக்கும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டிரைவரின் இடத்தில் சினேகிதர்களில் ஒருவர் உட்கார்ந்து மலைப்புலியாக ஆடினார். அவருக்கு மட்டும் சின்னவர் உயிரைப் பன்னிரண்டாக்கிக் கொடுத்தார்.

டிரைவர் ஜீப்பை விட்டு நகரவில்லை. வாரம் முடிவதற்குள் போலீஸ் லாரி வந்தது. கும்பல் கரும்புக்குள் ஓடிவிட்டது. ஓடாமல் நின்றது அவன் ஒருவன்தான். வண்டியைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தவனை மறியல்காரன் என்று அடித்து ஏற்றினார்கள். அந்த மரத்துக்காகப் பிடிபட்டவன் அவன் மட்டுமே. யாருக்காக அந்த ஒதுக்கீடு கேட்கப்பட்டதோ அவர்களில் அவன் இல்லை என்பதை ஸ்டேஷனில் விசாரித்துத் தெரிந்துகொண்டபோது, அதற்கும் இரண்டு அடி கொடுத்தார்களாம், முன்பே சொல்லியிருக்கலாமே என்று. ஜீப்பை லாரியால் இடித்துச் சாலையோரப் பள்ளத்தில் தள்ளியிருந்தார்கள்.

சின்னவர் ஜீப் முதலாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒருமுறை நினைவுபடுத்தினேன். "அந்த ஆளு எங்கப்பாகிட்ட வந்து நிப்பான்யா. அப்பறம் இந்தக் காயிதமெல்லாம் அவருக்குத் தெரியணுமா?" என்றார். டிரைவரை ஸ்டேஷனிலிருந்து விட்டதும், ஜீப் முதலாளி சாவியோடு அவன் டிரைவிங் லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார். வண்டி பழையபடி ஆகும்வரை அது தன்னிடம் இருக்கட்டும் என்றாராம். அந்த வண்டி பழையபடி ஆகக்கூடியதல்ல.

கார்த்திகையில் அவன் அச்சகத்துக்கு வந்தான். அச்சக முதலாளி வெளியே போயிருந்தார். நான் சின்னவருக்காக ஆட்டத் தாளை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பை எடுத்துவிட்டுத் தொழில் என்று மாற்றச் சொல்லியிருந்தார். டிரைவரின் கழுத்தில் புதுக் கோடுகள் இருந்தன.

"பிரஸ்காரரே, ஒரு உதவி. கேரளாவுல டிரைவர் வேல இருக்குன்றாங்க. லைசென்ஸ் கேக்கறான். ஒண்ணு அடிச்சிக் குடுங்க."

"நானா?"

"நீங்கதான ஃபாரமெல்லாம் அடிக்கிறீங்க."

அது புத்தகம்போல் இருக்கும், போட்டோ ஒட்டி அதன்மேல் முத்திரை குத்தியிருக்கும், அந்தத் தாளே வேறு என்று விளக்கினேன். கண்டுபிடித்தால் இரண்டு பேரும் உள்ளே போக வேண்டும் என்றேன். எல்லாம் உண்மைதான். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு கேட்டான்:

"எங்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு மட்டும் எல்லாரும் நம்பற மாதிரி எப்டி அடிச்சீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவனிடம் தெரியாதவன் கேட்பதுபோலத்தான் கேட்டான். அதை அடித்தவனால் இதையும் அடிக்க முடியும், மனசு வரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருக்க வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கையை எடுத்தால் தாள் கோணிவிடும் என்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவன் வெளியே இறங்கிச் சேலம் பஸ் நிற்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.